ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வீடியோ திக்குதா, சத்தமும் உதடும் ஒட்டலையா? அட்மின் ரைட்ஸ் இல்லாமலே காரணத்த பிடிக்க முழு வழிகாட்டி

ஆபீஸோ காலேஜோ குடுத்த லேப்டாப்ல ட்ரெய்னிங் வீடியோ பாக்க உக்காருறீங்க, பேசுறவர் வாய மூடின அப்புறம்தான் வார்த்தை வருது, இல்லன்னா ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவ படம் நின்னு நின்னு போகுது. சொந்த கம்ப்யூட்டரா இருந்தா டிரைவர (கிராஃபிக்ஸ், சவுண்ட் மாதிரி பாகங்கள இயக்குற சாஃப்ட்வேர) மாத்தி பாக்கலாம், வேற பிளேயர் போட்டு பாக்கலாம். இங்க எத தொட்டாலும் அட்மின் பாஸ்வேர்டு கேக்கும். ஐடி டீம்கிட்ட சொன்னா ரீஸ்டார்ட் பண்ணி பாருங்கன்னு சொல்லி டிக்கெட்ட மூடிடுவாங்க. அவங்கள குறை சொல்லவும் முடியாது, "வீடியோ சரியா ஓடல"ங்கிற ஒத்த வரிய வச்சிக்கிட்டு யாராலயும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

அதனால இந்த மாதிரி பூட்டு போட்ட மெஷின்ல நம்ம வேலை ரிப்பேர் பண்றது இல்ல, பிரச்னை எந்த இடத்துல இருக்குன்னு குறுக்கிக்கிட்டே வர்றதுதான். எவ்வளவு தள்ளி வருது, எப்ப ஆரம்பிக்குது, எத மாத்தினா போகுது, இந்த மூணையும் கையில வச்சிருந்தா பாதி கேஸ் நீங்களே முடிச்சிடலாம், மீதி பாதிக்கு ஐடி டீம்கிட்ட "இந்த ஒரு செட்டிங்க மாத்துங்க"ன்னு பேர் சொல்லி கேக்கலாம். கீழ இருக்கிற வரிசையிலயே போங்க. ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்துங்க, நாலு விஷயத்த ஒண்ணா மாத்திட்டு சரியாயிடுச்சுன்னா எதனால சரியாச்சுன்னு தெரியாம போயிடும், அடுத்த வாரம் அதே பிரச்னை திரும்ப வரும்போது மறுபடி ஆரம்பத்துலேர்ந்து நிக்கணும்.

1. இடைவெளி நிக்குதா, வளருதா

எல்லாத்துக்கும் முன்னாடி இந்த ஒரு கேள்வி. ஒருத்தர் கேமராவ நேரா பாத்து பேசுற வீடியோ ஒண்ண எடுத்துக்கங்க, அரை மணி நேரமாவது ஓடுறதா இருக்கட்டும். முதல் நிமிஷத்துல உதட்ட பாருங்க. அப்புறம் தள்ளி விடாம, அப்படியே ஓட விட்டு இருபதாவது நிமிஷத்துல மறுபடி பாருங்க.

ரெண்டு இடத்துலயும் ஒரே அளவு தள்ளி இருந்தா, சத்தமோ படமோ வெளிய வர்ற வழியில எங்கயோ தாமதம் ஆகுது, அதாவது ப்ளூடூத், டிவி, டாக் (லேப்டாப்ப மானிட்டரோட சேக்குற பெட்டி), ப்ரொஜெக்டர் இதுல ஒண்ணு. ஃபைலுக்கும் கம்ப்யூட்டர் வேகத்துக்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பு கம்மி. போக போக இடைவெளி பெருசாகுதுன்னா ஃபைல சந்தேகப்படுங்க, ரெக்கார்டு பண்ணின விதமோ எடிட் பண்ணி எக்ஸ்போர்ட் பண்ணின விதமோ தப்பா இருக்கும். பாஸ் பண்ணி மறுபடி பிளே பண்ணினா சரியாகி, கொஞ்ச நேரத்துல திரும்ப விலகுதுன்னா மெஷின் திணறுதுன்னு அர்த்தம், டிகோட் பண்ற வேலை, அதாவது சுருக்கி வச்ச வீடியோவ விரிச்சு படமாக்குற வேலை, அதுக்கு தாங்கல.

சத்தம் ஒழுங்கா வருது, படம் மட்டும் குதிக்குதுன்னா அதுவும் இந்த மூணாவது வகைதான். பெரும்பாலான பிளேயர் சத்தத்ததான் கடிகாரமா வச்சிக்கிட்டு ஓடும், படம் அதுக்கு ஏத்த மாதிரி ஓடி வந்து சேரணும், சேர முடியலன்னா நடுவுல சில ஃப்ரேம, அதாவது வீடியோவுல வரிசையா வர்ற தனித்தனி படத்துல சிலத, தூக்கி போட்டுடும். சத்தத்துல சின்ன வெட்டு விழுந்தாகூட காது உடனே பிடிச்சிடும், படத்துல ஒரு ஃப்ரேம் போனா கண்ணு பெருசா எடுத்துக்காது, அதனாலதான் அந்த ஏற்பாடு.

2. எவ்வளவு தள்ளி வருதுன்னு ஒரு நம்பர் எடுங்க

"கொஞ்சம் லேட்டா வருது"ன்னு சொல்றதுக்கும் "200 மில்லிசெகண்ட் லேட்டா வருது"ன்னு சொல்றதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நம்பர் எடுக்க பெரிய கருவி எதுவும் வேணாம். உங்க ஆபீஸ் சாஃப்ட்வேர் லிஸ்ட்ல விஎல்சி பிளேயர் இருந்தா அதுவே அளவுகோல். யாராவது கை தட்டுற மாதிரி ஒரு சின்ன வீடியோவ அதுல ஓட விடுங்க. விண்டோஸ்ல ஜே கீய ஒரு தடவ அழுத்தினா சத்தம் 50 மில்லிசெகண்ட் முன்னாடி வரும், கே கீய அழுத்தினா 50 மில்லிசெகண்ட் பின்னாடி போகும், எவ்வளவு மாத்தியிருக்கீங்கன்னு ஸ்கிரீன்லயே காட்டும். கை சேர்ற நொடியும் சத்தமும் ஒட்டுற வரைக்கும் தட்டிக்கிட்டே போங்க. நாலு தடவ ஜே தட்டி ஒட்டுச்சுன்னா சத்தம் சுமாரா 200 மில்லிசெகண்ட் லேட். பத்து தடவ செஞ்சு பாக்கணும்னு இல்ல, ரெண்டு தடவ செஞ்சு ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்தா போதும்.

விஎல்சி இல்லன்னா போன்ல 60 ஃப்ரேம் வேகத்துல ஸ்கிரீனயும் ஸ்பீக்கரயும் சேத்து படம் பிடிங்க, ஒரு ஃப்ரேம் கிட்டத்தட்ட 16.7 மில்லிசெகண்ட். ஆபீஸுக்குள்ள போன்ல படம் பிடிக்க அனுமதி இருக்கான்னு முதல்ல கேட்டுக்கங்க, நிறைய இடத்துல கிடையாது.

எவ்வளவு வரைக்கும் பொறுத்துக்கலாம்னு கேட்டா அதுக்கும் கணக்கு இருக்கு. ஐடியூங்கிற சர்வதேச தொலைத்தொடர்பு அமைப்பு 1998ல வெளியிட்ட பிடி.1359ங்கிற பரிந்துரைப்படி சத்தம் 45 மில்லிசெகண்ட் முந்தி வந்தாலே ஆளுங்களுக்கு தெரிஞ்சிடும், ஆனா பிந்தி வந்தா 125 மில்லிசெகண்ட் வரைக்கும் தெரியாது. முந்தி வர்றத விட பிந்தி வர்றத நாம நிறைய தாங்கிக்கிறோம். ஏன்னு யோசிச்சா ரொம்ப இயல்பான காரணம், வெளிச்சம் உடனே வந்துடும், சத்தம் செகண்டுக்கு சுமாரா 340 மீட்டர் வேகத்துலதான் வரும், அதாவது 34 மீட்டர் தூரத்துல ஒருத்தர் துணி துவைச்சா அடி விழுந்து 100 மில்லிசெகண்ட் கழிச்சுதான் சத்தம் நம்ம காதுக்கு வரும். பிறந்ததுலேர்ந்து மூளை அப்படியே பழகியிருக்கு. சத்தம் முன்னாடி வர்றது இயற்கையில நடக்கவே நடக்காது, அதனால அது உடனே உறுத்தும். இத மனசுல வச்சிக்கங்க, டிவி விஷயத்துல இதுதான் வேலைக்கு ஆகும்.

3. ப்ளூடூத்த கழட்டி வச்சிட்டு பாருங்க

இடைவெளி ஒரே அளவா நிக்குதுன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது காதுல மாட்டியிருக்கிறத. ப்ளூடூத் ஹெட்செட்ல சத்தத்த சுருக்கி, காத்துல அனுப்பி, அங்க விரிச்சு, கொஞ்சம் சேத்து வச்சிக்கிட்டு வாசிக்கணும், சாதாரண எஸ்பிசி கோடெக்ல (கோடெக்னா சுருக்கி விரிக்கிற முறை) இதுக்கே 150லேர்ந்து 250 மில்லிசெகண்ட் வரைக்கும் ஆயிடும். நல்ல பிளேயரும் பிரவுசரும் அந்த தாமதத்த தெரிஞ்சிக்கிட்டு படத்தையும் அதே அளவு நிறுத்தி வைக்கும், அதனால நிறைய பேருக்கு தெரியவே தெரியாது. ஆனா ஹெட்செட் தன்னோட தாமதத்த தப்பா சொன்னாலோ, பிளேயர் அத கேக்காம விட்டாலோ உதடு ஒரு பக்கம் வார்த்தை ஒரு பக்கம்னு ஆயிடும். வயர் வச்ச சாதாரண ஹெட்ஃபோன மாட்டி அதே இடத்த ஓட விடுங்க. சரியாயிடுச்சுன்னா கேஸ் முடிஞ்சுது, இதுக்கு மேல கம்ப்யூட்டர்ல எதையும் தேட வேணாம்.

ப்ளூடூத்ல இன்னொரு விஷயம் இருக்கு, ஆபீஸ் மெஷின்ல இதுதான் அதிகமா பிடிக்கும். ஹெட்செட்டுக்கு ரெண்டு முகம். பாட்டு கேக்க ஸ்டீரியோ முகம், போன் பேச ஹேண்ட்ஸ் ஃப்ரீ முகம். மைக்க ஏதாவது ஒரு அப்ளிகேஷன் கையில எடுத்த உடனே ஹெட்செட் ஹேண்ட்ஸ் ஃப்ரீக்கு மாறிடும், அப்ப சத்தம் ஒத்த சேனல்ல, 8 இல்லன்னா 16 கிலோஹெர்ட்ஸ் தரத்துல, பழைய லேண்ட்லைன் போன் மாதிரி வரும். மீட்டிங் முடிஞ்சும் அந்த ஆப் பின்னாடி மைக்க பிடிச்சிக்கிட்டே இருந்தா வீடியோ சத்தம் அப்படியே மங்கலா ஓடும், சில நேரம் ஒண்ணுமே கேக்காது, ஏன்னா வீடியோ ஸ்டீரியோ டிவைஸுக்கு அனுப்புது, ஹெட்செட் வேற முகத்துல இருக்கு. விண்டோஸ்ல டாஸ்க்பார் ஓரத்துல மைக் படம் தெரியுதான்னு பாருங்க, தெரிஞ்சா மைக்க யாரோ வச்சிருக்காங்க. மீட்டிங் ஆப்ப மினிமைஸ் பண்ணாம முழுசா க்விட் பண்ணுங்க. இல்லன்னா மீட்டிங் ஆப்போட செட்டிங்ல மைக்க மட்டும் லேப்டாப்போட உள் மைக்குக்கு மாத்திடுங்க, ஹெட்செட் ஸ்டீரியோவுலயே இருக்கும். இந்த ஒரு மாத்தத்துக்கு அட்மின் தேவையே இல்ல, ஆனா இத தெரியாம ஹெட்செட்டையே மாத்தி குடுக்க சொல்லி கேட்டவங்க நிறைய பேர் இருக்காங்க.

4. பெரிய டிவி, டாக், ரெண்டாவது மானிட்டர்

ஒரு இடத்துல ட்ரெய்னிங் ஹால்ல நான் வீடியோ போட வேண்டியிருந்துச்சு. சத்தம் உதட்டுக்கு முன்னாடி வருதுன்னு எல்லாரும் சொன்னாங்க, வீடியோ ஃபைல்லதான் தப்புன்னு முடிவு பண்ணி எடிட் பண்ணினவர் மூணு தடவ எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்பினார், மூணும் அப்படியேதான். என்னோட டேபிள்ல லேப்டாப் ஸ்கிரீன்ல பாத்தா பிசிறே இல்ல. கடைசியில பாத்தா படம் எச்டிஎம்ஐ வழியா டிவிக்கு போகுது, சத்தம் மட்டும் லேப்டாப்புலேர்ந்து தனி வயர்ல ஹால் ஸ்பீக்கருக்கு போகுது. டிவி வர்ற படத்த அழகு படுத்துறேன்னு உள்ள வச்சு வேலை பாத்துட்டுதான் காட்டும், அதுக்குள்ள சத்தம் வெளிய வந்துடுது. டிவியில பிக்சர் மோட கேம் மோடுக்கு மாத்தினோம், அவ்வளவுதான், ஒட்டிடுச்சு. கம்ப்யூட்டர தொடவே இல்ல.

அதனால சத்தம் முந்தி வந்தா டிவியோ ப்ரொஜெக்டரோதான் முதல் குற்றவாளி. கேம் மோடு இல்லன்னா மோஷன் ஸ்மூத்திங், நாய்ஸ் ரிடக்ஷன் மாதிரி இருக்கிறத எல்லாம் ஆஃப் பண்ணுங்க. இல்லன்னா சத்தத்தையும் எச்டிஎம்ஐ வழியாவே டிவிக்கு அனுப்பிட்டு, ஹால் ஸ்பீக்கர டிவியோட ஆடியோ அவுட்ல மாட்டுங்க, படத்துக்கு ஆகுற தாமதத்த பெரும்பாலும் டிவியே சத்தத்துக்கும் குடுத்துடும்.

யூஎஸ்பி டாக்ல மானிட்டர் மாட்டியிருந்தா அது எந்த வகைன்னு பாருங்க. டிஸ்ப்ளேலிங்க் வகை டாக் படத்த கம்ப்யூட்டரோட பிராசஸர் வச்சு சுருக்கி யூஎஸ்பி வழியா அனுப்பும், ஃபுல் ஸ்கிரீன் வீடியோ ஓடும்போது அந்த வேலை ரொம்ப கூடிடும். மானிட்டர நேரா லேப்டாப்போட எச்டிஎம்ஐ போர்ட்ல மாட்டி பாருங்க, திக்கல் போயிடுச்சுன்னா காரணம் டாக், டிக்கெட்ல டாக் மாடல் பேர எழுதுங்க. பாதுகாப்பு போட்ட வீடியோ கறுப்பா தெரிஞ்சு சத்தம் மட்டும் வந்தாலும் இந்த வழியதான் பாக்கணும், மானிட்டரோ நடுவுல இருக்கிற அடாப்டரோ எச்டிசிபிங்கிற காப்பி தடுப்பு முறைக்கு ஒத்து வரலன்னா படம் வராது. ஸ்கிரீன் ஷேர்ல அந்த மாதிரி வீடியோவ காட்டினா மத்தவங்களுக்கு கறுப்பா தெரியிறது கோளாறு இல்ல, அது அப்படித்தான் வடிவமைச்சிருக்காங்க.

5. படம் குதிக்குதா, டிகோட் யார் பண்றாங்கன்னு பாருங்க

டிகோட் வேலைய ரெண்டு பேர் செய்யலாம். கிராஃபிக்ஸ் சிப்ல அதுக்குன்னே ஒரு பகுதி இருக்கு, அது செஞ்சா லேப்டாப் சூடே ஆகாது. அது செய்யலன்னா எல்லாம் பிராசஸர் தலையில விழும், விசிறி கத்தும், படம் குதிக்கும். ஆபீஸ் மெஷின்ல திக்கல்னு வர்ற கேஸ்ல இதுதான் பெரிய பங்கு, அதனால நிதானமா பாருங்க.

வீடியோவ ஓட விட்டுட்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அழுத்தி டாஸ்க் மேனேஜர திறங்க, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல ஜிபியு எடுங்க. அங்க வீடியோ டிகோட்னு ஒரு கிராஃப் இருக்கும். வீடியோ ஓடும்போது அது ஏறி இறங்கினா சிப் வேலை செய்யுது. தரையோட தரையா கிடக்குது, சிபியு மட்டும் 80, 90ன்னு நிக்குதுன்னா பிராசஸர்தான் சுமக்குது. டாஸ்க் மேனேஜரே பூட்டியிருந்தா அடுத்த வழிக்கு போங்க.

குரோம்ல அட்ரஸ் பார்ல குரோம்னு டைப் பண்ணி, கோலன் போட்டு, ரெண்டு ஸ்லாஷ் போட்டு, ஜிபியுன்னு அடிச்சா ஒரு பக்கம் வரும். மேலயே வீடியோ டிகோட்னு ஒரு வரி, அதுக்கு நேரா ஹார்டுவேர் ஆக்ஸிலரேட்டடுன்னு இருக்கணும். சாஃப்ட்வேர் ஒன்லி, டிஸேபிள்டுன்னு இருந்தா காரணம் தேடணும். எட்ஜ்ல குரோமுக்கு பதிலா எட்ஜ்னு போடுங்க. ஃபயர்ஃபாக்ஸ்ல அபவுட் கோலன் சப்போர்ட்.

காரணம் தேட அதே மாதிரி பாலிசின்னு அடிங்க, குரோம் கோலன் ரெண்டு ஸ்லாஷ் பாலிசி. உங்க ஆபீஸ் உங்க பிரவுசர்ல என்னென்ன விதி போட்டிருக்குன்னு மொத்தமும் அங்க தெரியும், இத பாக்க யார் அனுமதியும் வேணாம். அதுல ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன் மோட் எனேபிள்டுன்னு ஒரு பேர் இருந்து, பக்கத்துல ஃபால்ஸ்னு இருந்தா புதையல் கிடைச்ச மாதிரி. எப்பவோ ஏதோ ஒரு பழைய டிரைவர்ல பிரச்னை வந்து எல்லா மெஷினுக்கும் ஆஃப் பண்ணியிருப்பாங்க, அப்படியே விட்டிருப்பாங்க. அந்த பேர அப்படியே டிக்கெட்ல எழுதுங்க. ஆட்டோபிளே பத்தின விதியும் இங்கயே தெரியும், வீடியோ தானா ஓடலன்னு தலைய பிச்சிக்கிறவங்க அதையும் பாத்துடுங்க. பாலிசி எதுவும் இல்லன்னா பிரவுசர் செட்டிங்ல சிஸ்டம் பகுதியில இருக்கிற கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷன் ஸ்விட்ச நீங்களே ஆன் பண்ணிட்டு பிரவுசர மூடி திறங்க. படம் பச்சையாவோ கட்டம் கட்டமாவோ தெரிஞ்சா அதே ஸ்விட்ச ஆஃப் பண்ணி பாருங்க, ஆஃப் பண்ணினதும் சரியானா கிராஃபிக்ஸ் டிரைவர் அப்டேட் வேணும்னு அர்த்தம்.

ஆக்ஸிலரேஷன் ஆன்ல இருந்தும் சிபியு தவிக்குதா? கோடெக்க பாருங்க. யூட்யூப்ல வீடியோ மேல ரைட் கிளிக் பண்ணி ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் எடுத்தா கோடெக்ஸ்னு ஒரு வரி இருக்கும், அதுல ஏவி01ன்னு ஆரம்பிச்சா ஏவி1, விபி09ன்னா விபி9, ஏவிசி1ன்னா எச்.264. ஏவி1 2018ல வந்த கோடெக், இன்டெல்ல 11வது தலைமுறையிலேர்ந்துதான் சிப்லயே அத டிகோட் பண்ணும், விபி9க்கு 7வது தலைமுறையாவது வேணும். ஆபீஸ் லேப்டாப் 8வது தலைமுறையா இருந்து ஏவி1 வீடியோ வந்தா முழுக்க பிராசஸர்தான் பாத்தாகணும். அதே பெட்டியில ட்ராப்டு ஃப்ரேம்ஸ்னு எண்ணிக்கை ஓடும், அது ஏறிக்கிட்டே போனா உறுதியாயிடும். இப்போதைக்கு வழி என்னன்னா 1080லேர்ந்து 720க்கு இறக்குங்க, ஃப்ரேமுக்கு 20.7 லட்சம் பிக்சல்லேர்ந்து 9.2 லட்சமா குறையும், பாதிக்கும் கீழ. 60 ஃப்ரேம் வீடியோன்னா இன்னும் நல்லா வித்தியாசம் தெரியும்.

சார்ஜர் மாட்டாம பேட்டரி சேவர்ல ஓட்டுறீங்களான்னும் ஒரு தடவ பாத்துக்கங்க. இதுல நேரம் செலவு பண்ண ஒண்ணும் இல்ல, சார்ஜர மாட்டி பாத்தா தெரிஞ்சிடும்.

6. இடைவெளி வளருதுன்னா ஃபைல பாருங்க

போன்ல எடுத்த வீடியோவும் ஸ்கிரீன் ரெக்கார்டிங்கும் பெரும்பாலும் மாறுற ஃப்ரேம் ரேட்ல இருக்கும், வெளிச்சம் கம்மியானா, ஸ்கிரீன்ல அசைவு இல்லன்னா ஃப்ரேம் கம்மியா எடுக்கும். எடிட்டிங் சாஃப்ட்வேர் அத நிலையான ரேட்னு நினைச்சு வேலை பாத்தா போக போக சத்தம் விலகும். இன்னொரு வகை, 30 ஃப்ரேம் வீடியோவ 29.97ன்னு எடுத்துக்கிறது. வித்தியாசம் ஆயிரத்துல ஒரு பங்குதான், ஆனா ஒரு மணி நேரம் ஓடினா 3.6 செகண்ட் ஆயிடும். முதல் நிமிஷத்துல யாருக்கும் தெரியாது, அதனால ஆரம்பத்த மட்டும் பாத்துட்டு ஓகே சொல்லி அனுப்பிடுவாங்க.

பேசுறவர் குரல் கீச்சுன்னு இருந்தா சாம்பிள் ரேட் (ஒரு செகண்டுக்கு சத்தத்த எத்தன தடவ அளந்து பதியிறோம்ங்கிற கணக்கு) குழப்பம், 44,100ல ரெக்கார்டு பண்ணினத 48,000னு வாசிச்சா சத்தம் கிட்டத்தட்ட 9 சதவீதம் வேகமா ஓடும்.

இதுக்கெல்லாம் உங்க மெஷின்ல மருந்து இல்ல. பாக்குறவங்க விஎல்சியில ஜே, கே தட்டி தற்காலிகமா ஒட்டிக்கலாம், ஆனா வளர்ற இடைவெளிக்கு அடிக்கடி தட்டிக்கிட்டே இருக்கணும். ஃபைல் செஞ்சவர்கிட்ட சொல்லி, ஹேண்ட்பிரேக் மாதிரி வீடியோ மாத்துற சாஃப்ட்வேர் ஒண்ணுல கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட் (நிலையான ரேட்) போட்டு மாத்திட்டு அப்புறம் எடிட் பண்ண சொல்லுங்க.

ஃபைல் திறக்கவே மாட்டேங்குது, இல்லன்னா சத்தம் வருது படம் வரலன்னா கோடெக் இல்ல. புது போன் நிறைய எச்இவிசிங்கிற கோடெக்ல எடுக்கும், விண்டோஸ்ல அதுக்கு எச்இவிசி வீடியோ எக்ஸ்டென்ஷன்ஸ் ஸ்டோர்லேர்ந்து போடணும், ஆபீஸ்ல ஸ்டோர பூட்டி வச்சிருப்பாங்க. அந்த பேர சொல்லி ஐடி டீம்கிட்ட கேளுங்க. செட்டிங்ல அபவுட் பக்கத்துல விண்டோஸ் எடிஷன் பேர் கடைசியில N-ன்னு ஒத்த இங்கிலீஷ் எழுத்து இருந்தா அது மீடியா பகுதிகள எடுத்துட்டு வர்ற எடிஷன், மீடியா ஃபீச்சர் பேக் வேணும்னு கேக்கணும். இணையத்துல கிடைக்கிற கோடெக் பேக், டிரைவர் அப்டேட்டர், இதையெல்லாம் பென் டிரைவ்ல கொண்டு வந்து போடாதீங்க, தயவு செஞ்சு. சரியாகாததோட நிக்காது, செக்யூரிட்டி அலர்ட் அடிச்சு உங்க பேர்ல எழுதப்படும், அதுக்கப்புறம் உங்க டிக்கெட்ட யார் நம்புவாங்க?

7. சத்தம் பொரியுதா

டப் டப்னு வெடிக்குது, கரகரன்னு வருதுன்னா இது வேற கேஸ். சவுண்ட் செட்டிங்ல உங்க ஸ்பீக்கர் பேர கிளிக் பண்ணி ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ ஆஃப் பண்ணுங்க, ஃபார்மேட்ட 48,000 ஹெர்ட்ஸுக்கு வைங்க, வீடியோல பெரும்பாலும் அந்த ரேட்தான் இருக்கும். இதுக்கு பெரும்பாலும் அட்மின் கேக்காது. அதுக்கும் போகலன்னா வேற யூஎஸ்பி ஹெட்செட்ல கேளுங்க, அதுல சுத்தமா வந்தா உள் சவுண்ட் கார்டோட டிரைவர். அதுலயும் பொரிஞ்சா ஏதோ ஒரு டிரைவர் பிராசஸர ரொம்ப நேரம் பிடிச்சு வைக்குது, வைஃபை டிரைவர்கூட இந்த வேலைய பண்ணும். வைஃபைய ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணிட்டு லோக்கல் ஃபைல ஓட்டி பாருங்க, பொரியல் நின்னா அந்த தகவல் ஐடி டீமுக்கு தங்கம்.

8. நெட்வொர்க், விபிஎன்

சுத்துற வட்டம் வந்தா, தரம் தானா இறங்கினா நெட்வொர்க். வழக்கமான ஸ்ட்ரீமிங்ல நெட்வொர்க் மெதுவானா வீடியோ நிக்கும், மங்கும், ஆனா சத்தமும் படமும் பிரியாது, ஏன்னா ரெண்டும் நேரக்குறி ஒட்டியே வருது. மீட்டிங் வேற மாதிரி, அங்க காத்திருக்க நேரமே இல்லாததால சத்தத்துக்கு முன்னுரிமை குடுத்து படத்த விட்டுடும். மீட்டிங் ஆப் எல்லாம் யூடிபில (தொலைஞ்ச பாக்கெட்டுக்கு காத்திருக்காம அனுப்புற முறை) போக விரும்பும், டீம்ஸ்னா யூடிபி போர்ட் 3478லேர்ந்து 3481 வரைக்கும். ஃபயர்வால் அத அடைச்சா டிசிபில போகும், ஒரு பாக்கெட் தொலைஞ்சா பின்னாடி வர்ற எல்லாம் அதுக்காக காத்து நிக்கும், பேச்சு வெட்டி வெட்டி வரும். விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்கு போற தனி பாதுகாப்பு வழி) போட்டா மட்டும் வருதா, போடாம இருந்தா வரலையான்னு குறிச்சு வைங்க, மீட்டிங் ட்ராஃபிக்க மட்டும் விபிஎன்னுக்கு வெளிய விட ஐடி டீமால முடியும், ஸ்ப்ளிட் டனல்னு சொல்வாங்க. ஷேர்டு டிரைவ்ல இருக்கிற ஃபைல அங்கயே திறக்காம டெஸ்க்டாப்புக்கு காப்பி பண்ணி ஓட்டி பாருங்க. காப்பி நல்லா ஓடினா ஃபைல் சுத்தம், வழிதான் குறை.

9. ரிமோட் டெஸ்க்டாப் உள்ள வீடியோ பாக்குறீங்களா

அப்படின்னா மேல சொன்ன பாதி செல்லாது. வீடியோ எங்கயோ ஒரு சர்வர்ல டிகோட் ஆகி, ஸ்கிரீன் படமா மறுபடி சுருங்கி, உங்க மெஷினுக்கு வருது, சத்தம் இன்னொரு சேனல்ல தனியா வருது, ரெண்டும் ஒட்டலன்னா ஆச்சரியமே இல்ல. விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் வழக்கமா செகண்டுக்கு 30 ஃப்ரேம்தான் அனுப்பும், 60 ஃப்ரேம் வீடியோ அங்க குதிக்கத்தான் செய்யும். கனெக்ஷன் தகவல்ல யூடிபி எனேபிள்டுன்னு காட்டுதான்னு பாருங்க, இல்லன்னா அதையே கேளுங்க. நிரந்தர வழி மல்டிமீடியா ரீடைரக்ஷன், அத போட்டா வீடியோ உங்க மெஷின்லயே டிகோட் ஆகும். அது வர்ற வரைக்கும் வீடியோவ ரிமோட்டுக்கு வெளிய, உங்க சொந்த பிரவுசர்ல பாக்க அனுமதி கிடைக்குமான்னு கேளுங்க.

10. டிக்கெட் எழுதுற விதம்

இவ்வளவும் பாத்த அப்புறம் எழுதுற டிக்கெட் இப்படி இருக்கணும்: "எல்லா வீடியோவுலயும் படம் குதிக்குது, சத்தம் சரியா இருக்கு. ஹெட்செட் வயர் வச்சது, வெளி மானிட்டர் இல்ல, விபிஎன் இருந்தாலும் இல்லன்னாலும் ஒரே மாதிரி. வீடியோ ஓடும்போது சிபியு 90, ஜிபியு வீடியோ டிகோட் 0. குரோம் பாலிசி பக்கத்துல ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன் ஃபால்ஸ்னு இருக்கு, ஸ்கிரீன்ஷாட் இணைச்சிருக்கேன். பக்கத்து சீட்ல அதே மாடல் லேப்டாப்லயும் இதே நிலைமை. இந்த பாலிசிய என் மெஷினுக்கு மட்டும் மாத்தி சோதிக்க முடியுமா?" ஸ்டார்ட் மெனுல டிஎக்ஸ்டயாக்னு (dxdiag) அடிச்சா வர்ற கருவியில சேவ் ஆல் இன்ஃபர்மேஷன் குடுத்து அந்த டெக்ஸ்ட் ஃபைலயும் இணைங்க, கிராஃபிக்ஸ் டிரைவர் பேர், வெர்ஷன், தேதி எல்லாம் அதுல இருக்கும், பெரும்பாலும் அட்மின் தேவையில்ல. "ஒரு மெஷினுக்கு மட்டும்"ங்கிற வார்த்தைய விடாதீங்க, ஆயிரம் பேருக்கு மாத்துன்னா தயங்குவாங்க, ஒண்ணுக்குன்னா உடனே செஞ்சு பாப்பாங்க.

மாத்திட்டோம்னு பதில் வந்த உடனே ஓட்டி பாத்துட்டு "இன்னும் சரியாகல"ன்னு திருப்பி எழுதிடாதீங்க. ஐடி டீம் எல்லா மெஷினுக்கும் விதி அனுப்புற குரூப் பாலிசி வழக்கமா 90 நிமிஷத்துக்கு ஒரு தடவதான் புதுசாகும், அது மேல 30 நிமிஷம் வரைக்கும் கூடலாம், இன்ட்யூன்ங்கிற மைக்ரோசாஃப்ட் சேவை வழியா வந்தா 8 மணி நேரம்கூட ஆகும். பிரவுசர் பாலிசி பக்கத்துல ரீலோட் பாலிசிஸ் பட்டன அழுத்துங்க, பழைய மதிப்பு மாறியிருக்கான்னு கண்ணால பாருங்க, பிரவுசர முழுசா மூடி திறங்க, அப்புறம் முதல் தடவ பாத்த அதே வீடியோவ அதே நிமிஷத்துல ஓட்டி, அதே கிராஃப பாத்து, புது நம்பர டிக்கெட்ல எழுதுங்க.